ஒரு வாசகியைக் காட்டச் சொன்னார்கள்

பிப்ரவரி 3, திங்கள்
நூலகத்தைத் திறந்து விளக்கைக்கூடப் போடவில்லை, துறையிலிருந்து உத்தரவு வந்துவிட்டது. இன்னொரு புத்தகம் போச்சு. "குடும்பத்தைக் கெடுக்கிறது" என்று யாரோ ஒருவர் புகார் கொடுத்திருக்கிறார். விசாரணை முடியும்வரை அது அலமாரியில் இருக்கக் கூடாதாம். இதுவரை எந்த விசாரணை முடிந்தது? அடிக்கிற கணவனை விட்டு வெளியேறும் பெண் எந்தெந்த ஆவணங்களை எடுத்துக்கொள்ள வேண்டும், எங்கே போகலாம், பிள்ளைகள் யாரிடம் இருப்பார்கள் - புத்தகத்தில் இருப்பது இவ்வளவுதான். பசையண்ணன் அதை இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினார். எங்கள் உதவியாளர், கிழிந்த புத்தகங்களை ஒட்டி ஒட்டியே அந்தப் பெயர் வந்தது. "அடிக்கிறவன் வெளியில சுத்துறான், புத்தகம் ஜெயில்ல இருக்குதும்மா" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிப்ரவரி 6
அந்தப் புத்தகத்தைப் படிக்க வருகிற பெண் வந்தார். பெயரை இங்கேகூட எழுத மாட்டேன். வாரத்தில் ஒரு நாள், காய்கறிப் பையோடு வருவார். அந்தப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போனதே இல்லை. கடைசி மேசையில், மேலே ஒரு சமையல் பத்திரிகையை விரித்து மறைத்துக்கொண்டு படிப்பார். நானும் கண்டுகொண்டதாகக் காட்டியதில்லை. இன்று அது இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு வெறும் சமையல் பத்திரிகையோடு உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை.

பிப்ரவரி 11
நூலக மசோதா சட்டமன்றத் தேர்வுக் குழுவுக்குப் போயிருக்கிறது. அதன்படி, ஒரு புகாரை வைத்துப் புத்தகத்தை எடுக்கக் கூடாது. யார் என்ன படித்தார்கள் என்று கேட்கவும் கூடாது, சொல்லவும் கூடாது. எங்கள் சங்கத்தில் எல்லோரும் செருப்புத் தேய அலைந்து இதுவரை கொண்டுவந்திருக்கிறோம். நிறைவேறினால் பீரோவைத் திறக்கலாம். அந்தப் பெண்ணால் அதுவரை தாக்குப்பிடிக்க முடியுமா?

பிப்ரவரி 17
குழுவின் செயலாளர் போன் செய்தார். மரியாதையாகத்தான் பேசினார். "நீங்க எல்லாரும் கொள்கையே பேசுறீங்க மேடம். பாதிக்கப்பட்ட வாசகர் ஒரே ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க. இல்லேன்னா தள்ளி வெச்சிடுவாங்க. இந்தக் கூட்டத்தொடர் போச்சுன்னா அவ்வளவுதான்."
என்ன படித்தோம் என்பது ரகசியம் என்று சொல்லப்போகிற சட்டத்துக்கு, என்ன படித்தேன் என்று ஒருவர் வந்து சொல்ல வேண்டுமாம். நல்ல கூத்து.

பிப்ரவரி 18
தூக்கமே இல்லை.

பிப்ரவரி 19
வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஆள் இருக்காங்கன்னு உன் மூஞ்சியே சொல்லுது. கேக்காதே."
"கேக்கலேன்னா மசோதா செத்துடும்."
"கேட்டா?"
எழுந்து பாத்திரம் தேய்க்கப் போனேன்.

பிப்ரவரி 20
கேட்டுட்டேன்.
பாவி நான், கேட்டுட்டேன். யாரும் இல்லாத நேரம் பார்த்து, பக்கத்துல போய் உக்காந்து - அந்தப் புத்தகம் நீங்க படிப்பீங்கன்னு தெரியும், குழு முன்னாடி வந்து ரெண்டு வார்த்தை சொன்னா - அதுக்கு மேல பேச விடல. முகத்துல ரத்தமே இல்ல. "நான் சமையல் பத்திரிகைதான் படிப்பேன். வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?" இல்லைன்னேன். நம்பல. எப்படி நம்புவாங்க? இவ்வளவு நாளா நான் பாத்துக்கிட்டே இருந்திருக்கேன்னு இப்பத்தானே தெரியுது. பையைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டாங்க. உருண்டு விழுந்த தக்காளியைக்கூடக் குனிஞ்சு எடுக்கல.
அந்தப் புகார்க்காரன் புத்தகத்தைத்தான் எடுத்தான். நான் அந்த மேசையையே பிடுங்கிட்டேன்.

பிப்ரவரி 27
வரவில்லை.

மார்ச் 6
வரவில்லை. தினமும் அவர் இருக்கும் தெரு வழியாகத்தான் பஸ்ஸுக்குப் போகிறேன். ஒரு ஜன்னலையும் நிமிர்ந்து பார்க்கத் தைரியம் இல்லை. அவங்க வீட்டுல என்ன நடக்குதோ. நல்லா இருக்காங்களா?

மார்ச் 12
குழு முன்னால் தனியாகப் போய் நின்றேன். "வாசகர் எங்கே?" என்றார் தலைவர்.
"ஒருத்தரைக் கேட்டேன் ஐயா. கேட்டதால அவங்க நூலகத்துக்கு வர்றதையே நிறுத்திட்டாங்க. நீங்க காட்டச் சொன்ன பாதிப்பு அதுதான். செஞ்சது நான்."
ஒரு உறுப்பினர் பெயரைக் கேட்டார். சொல்ல மாட்டேன் என்றேன். உங்கள் வேலைக்கே பிரச்சினை வரலாம் என்றார். வரட்டும் என்றேன். குடிக்கக் கொடுத்த தண்ணீரைப் புடவையில் கொட்டிக்கொண்டேன். யாரும் வேறு எதுவும் கேட்கவில்லை.

ஏப்ரல் 2
மசோதா நிறைவேறியது. சங்கத்தில் ஒரே ஆரவாரம். என் தோளைத் தட்டாத ஆள் இல்லை. உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தேன். பசையண்ணன் பீரோவைத் திறந்தார். புத்தகம் பழைய இடத்துக்குப் போய்விட்டது. ஆனால் நான் இங்கே உட்கார்ந்திருக்கும்வரை அந்தப் பெண் இந்தப் படியேற மாட்டார். மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தேன். "ரெண்டு பஸ் மாறணுமே" என்றார் வீட்டுக்காரர். மாறிக்கொள்கிறேன் என்றேன்.

மே 15
புதுக் கிளையில் ஜன்னல் சரியாக மூடவில்லை, எங்கும் தூசி. மதியம் பசையண்ணன் போன் செய்தார். புது நூலகர் நல்ல மாதிரி என்றார், மின்விசிறியைச் சரிசெய்தாயிற்று என்றார். "அப்புறம் ஒரு விஷயம்மா. இன்னைக்கு அந்தக் கடைசி மேசையில யாரு வந்து-"
"அண்ணே, சொல்லாதீங்க."
"இல்லம்மா, உங்களுக்குத் தெரிஞ்சா-"
"யாரு வந்தா, என்ன படிச்சாங்கன்னு நீங்க சொல்லவும் கூடாது, நான் கேக்கவும் கூடாது."
"சரிம்மா" என்று வைத்துவிட்டார்.
போனை அணைத்துப் பைக்குள் போட்டேன். நானே திரும்பக் கூப்பிட்டுக் கேட்டுவிடுவேனோ என்று பயமாக இருந்தது.