நடத்துநர் சோலைராஜைத் திரும்ப அனுப்பக் கோரி

அனுப்புநர்:
சு. தங்கப்பாண்டியன்,
முன்னாள் ராணுவ வீரர்,
வடக்குத் தெரு, மகாராஜபுரம்.

பெறுநர்:
கிளை மேலாளர் அவர்கள்,
அரசுப் பேருந்துப் பணிமனை,
ஸ்ரீவில்லிபுத்தூர்.

பொருள்: நடத்துநர் திரு. சோலைராஜ் மீது நான் கொடுத்த புகாரைத் திரும்பப் பெறுவதும், அவரை எங்கள் காலைப் பேருந்துக்கே அனுப்ப வேண்டுவதும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நடத்துநர் என் மகளைப் பலர் முன்னால் அவமானப்படுத்தினார் என்று சென்ற மாதம் தங்களுக்கு எழுதியவன் நானே. பதினேழு வருடம் துப்பாக்கி பிடித்தவன், விசாரிக்காமல் சுட்டது அந்த ஒரு கடிதத்தில்தான்.

1. என் மகள் இந்து ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். எங்கள் ஊரில் ஏறுவதால் அவளுக்கு உட்கார இடம் கிடைத்துவிடும். அடுத்த நிறுத்தத்தில் ஏறும் அவள் வகுப்புப் பிள்ளை மாரிசெல்வி நின்றுகொண்டுதான் வருவாள். நிற்கிறவர் பையை உட்கார்ந்திருப்பவர் மடியில் வாங்கி வைப்பது நம் பக்கத்து வழக்கம். மாரிசெல்வியின் தாயார் முத்தாத்தாள் கயிறு மில்லில் வேலை செய்பவர். பையில் ஊறப்போட்ட தேங்காய் நார் வாடை அடிக்கிறதென்று பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு, அதைக் கைக்குக் கை மாற்றிப் பின்படிக்கட்டில் போட்டுவிடுவார்களாம்.

2. சோலைராஜ் யாரையும் திட்டவில்லை. அந்தப் பையை எடுத்து என் மகள் மடியில் வைத்து, இனித் தினமும் இது உன் பொறுப்பு தாயி என்றிருக்கிறார். அன்று அவள் அழுதுகொண்டு வந்தாள். நான் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தேன். அதற்குப் பின் மூன்று வாரத்தில் இரண்டு பேரும் பேருந்திலேயே கணக்குப் போடும் அளவுக்குச் சேர்ந்துவிட்டது எனக்குத் தெரியாது.

3. என் புகாரால் அவர் வேறு தடத்துக்குப் போனார். இரண்டாம் நாளே மற்றப் பிள்ளைகள் இந்துவின் மடியிலிருந்து பையைப் பறித்துப் போட, அது ரோட்டில் விழுந்தது. என் மகள் வாய் திறக்கவில்லை. மாரிசெல்வி ஒன்பது நாட்களாகப் பள்ளிக்கு வரவில்லை. அப்புறம்தான் இந்து என்னிடம் உண்மையைச் சொன்னாள்: "மொதமொதல்ல தூக்கிப் போட்டதே நாந்தாம்ப்பா. நான் சிரிக்காட்டி, பொறவு என்னையப் பாத்துல்ல சிரிப்பாளுக."

என் மகள் பொல்லாதவள் இல்லை ஐயா, பயந்தவள். பெற்றவனுக்கு இது தெரியாமல் போனதுதான் வெட்கம்.

4. மகளைக் கூட்டிக்கொண்டு மாரிசெல்வியின் வீட்டுக்குப் போனேன். முத்தாத்தாள் ஒரு கடுஞ்சொல் சொல்லாமல் காப்பி கொடுத்தார். நடத்துநர் அண்ணன் வருவாரா என்பது மட்டுமே அந்தப் பிள்ளை கேட்டது. அவர் வந்தால் அனுப்புகிறேன் என்று தாயாரும் சொன்னார்.

5. தாங்கள் விளக்கம் கேட்டதற்கு சோலைராஜ் எழுதிய பதிலின் நகல் எனக்கு வந்தது. பிள்ளை மனம் நோகும்படி நடந்திருந்தால் மன்னிக்கவும் என்ற ஒரே வரி. நடந்ததை எழுதியிருந்தால் அவர் தப்பித்திருப்பார். படிக்கிற பிள்ளை செய்த தப்பு ஆபீஸ் பைலில் ஏற வேண்டாமென்று விட்டுவிட்டார்.

ஆகவே என் புகாரைத் தள்ளிவிட்டு, அவரை அதே பேருந்துக்கு அனுப்பிவைக்கும்படி கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். விசாரிக்காமல் எழுதியதற்கு என்ன நடவடிக்கையோ, அது என்மேல் இருக்கட்டும். அவர் எழுதாமல் விட்டதை என் மகள் தானே பேனா வாங்கிக் கீழே எழுதியிருக்கிறாள்.

இடம்: மகாராஜபுரம்
நாள்: 14.07.2025

தங்கள் முடிவுக்குக் காத்திருக்கும்,
சு. தங்கப்பாண்டியன்

த. இந்து, 9-ஆம் வகுப்பு,
பையை முதலில் தூக்கிப் போட்டவள்.