லீனா கேட்ட வேறு வீடு

அக்டோபர் 28, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். கார்த்திகை விளக்கு எல்லாம் பட்டறைக்குள்ளேயே அடுக்கிக் கிடக்கிறது. ஒன்றும் காயவில்லை. ஈரத்தோடு சூளையில் வைத்தால் வெடிக்கும். இவர் காலையிலிருந்து வானத்தை முறைத்துக்கொண்டிருக்கிறார், இவருக்குப் பயந்து நிற்கப்போகிற மாதிரி.

வாங்க வேண்டியது: ஸ்பாஞ்சு, நல்லெண்ணெய், லீனாவுக்குச் சீஸ் (பஸ் ஸ்டாண்டு பக்கம் பெரிய கடை).

கயல் பேசினாள். என் மகள் டென்மார்க் போய் மூன்று மாதம். அவள் தங்கியிருக்கும் வீட்டில் பாத்திரம் கழுவ முறை போட்டிருக்கிறார்களாம். ஃபிரிட்ஜில் ஒட்டிய தாளில் இவள் பெயரும் இருக்கிறதாம். பாத்ரூமும் இவள் கழுவ வேண்டுமாம். சிரித்துக்கொண்டே சொல்கிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படிக்கப் போன பிள்ளை அது.

அந்த நாட்டிலிருந்து இதே மாதிரி ஒரு வருஷத்துக்கு நம் வீட்டுக்கு வந்திருப்பவள் லீனா. பதினேழு வயது. இங்கே ப்ளஸ் ஒன். அவளை ஒரு டம்ளர் கழுவ விட்டிருப்பேனா? தட்டோடு எழுந்தாலே ஓடிப்போய்ப் பிடுங்கிவிடுவேன். விருத்தாசலத்துக்காரி எப்படிப் பார்த்துக்கொண்டாள் என்று அவர்கள் ஊரில் போய்ச் சொல்லட்டும்.

அக்டோபர் 29, புதன்

மழை இல்லை, வெயிலும் இல்லை. கேஸ் சிலிண்டர் பதிவு பண்ணியாச்சு.

பதினோரு மணிக்குப் போன். பிள்ளைகளை இப்படி நாடு விட்டு நாடு அனுப்பிவைக்கும் சங்கத்து சார், கடலூரிலிருந்து.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. லீனா வேற வூடு கேக்குது."

"சாப்பாடு புடிக்கலீங்களா சார்?"

"அதெல்லாம் நல்லா பாத்துக்குறாங்கன்னுதான் எழுதியிருக்குது. ஆனா இந்த வூட்டுல தான் யாருன்னே தெரியலயாம். லாட்ஜுல இருக்குற மாதிரி இருக்குதாம். ரொம்ப நல்ல லாட்ஜாம்."

ஞாயிறு காலை காரோடு வருகிறாராம். திட்டக்குடியில் ஒரு டாக்டர் வீடு தயாராம்.

லாட்ஜு. மூன்று மாதமாக விதவிதமாகத் தோசை ஊற்றிப் போட்டவளுக்கு இந்தப் பேர். அழுதேன். பிறகு கோபம். மறுபடி அழுகை. குழம்பில் உப்புப் போட மறந்தேன்.

இவரிடம் சொன்னேன். ஆறுதல் சொல்வார் என்று பார்த்தால்: "நீ அதுக்குச் சாமிக்குப் படைக்கிற மாதிரி படைக்கிற. சாமி என்னைக்காச்சும் எழுந்து வந்து நம்மளோட பேசுதா?"

அவரோடு பேசவில்லை.

அக்டோபர் 30, வியாழன்

லீனா ஸ்கூலுக்குப் போயிருக்கிறாள். அவள் அறையில் பெட்டி திறந்து கிடக்கிறது, பாதி அடுக்கியிருக்கிறாள்.

மத்தியானம் நானே கயலைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"அம்மா, வந்த புதுசுல இங்கயும் என்னை ஒண்ணும் செய்ய விடல. ரூம்ல உக்காந்து அழுவேன். உன்கிட்ட சொல்லல. அப்புறம் ஒரு நாள் அந்தத் தாள்ல என் பேர எழுதுனாங்க. அன்னைக்குத்தான் எனக்கு இந்த வூடு நம்ம வூடு மாதிரி ஆச்சு."

"பாத்ரூம் கழுவுறதுக்கா சந்தோஷப்பட்ட?"

"ஆமாம்மா. நல்லா கழுவலன்னு திட்டு வேற வாங்குனேன்."

இவ்வளவு நாள் நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தது எதற்கு? வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் லீனாவிடம் போய்க் கெஞ்ச மாட்டேன். அது எனக்கு வராது.

அக்டோபர் 31, வெள்ளி

தலை பாரம். லேசான வெயில்.

சாயங்காலம் லீனா முன்னால் ஒரு முறம் சின்ன வெங்காயத்தை வைத்தேன். "உரி" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், வெங்காயத்தைப் பார்த்தாள், கீழே உட்கார்ந்துவிட்டாள். முக்கால் வெங்காயம் தோலோடு போய்விட்டது. வாயை மூடிக்கொண்டேன், பெரும்பாடு.

சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவினாள். பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல் நான் தோட்டத்துப் பக்கம் போய்விட்டேன்.

பெட்டி அப்படியேதான் இருக்கிறது. ஒரு வேளை வெங்காயத்தில் மனசு மாறிவிடுமா என்ன.

நவம்பர் 1, சனி

நல்ல வெயில், ரொம்ப நாள் கழித்து. பட்டறைக்கு லீனாவையும் கூட்டிப்போனேன். விளக்குகளைப் பலகையோடு வாசலில் காயவைத்தோம். மேகம் கறுத்தால் உடனே உள்ளே எடுக்க வேண்டும், அது அவள் பொறுப்பு. சைகையோடு இரண்டு முறை சொன்னேன். தலையாட்டினாள். நான் உள்ளே பொம்மை அச்சு பிரித்துக்கொண்டிருந்தேன்.

தகரத்தில் சடசடவென்று சத்தம் கேட்டு ஓடிவந்தால், இவள் மழையைப் போட்டோ எடுத்துக்கொண்டு நிற்கிறாள். பலகையில் விளக்கெல்லாம் கரைந்து சேறு.

"கண்ணு பொடனியிலயா இருக்குது? எத்தினி தடவ சொன்னேன்? நாலு நாள் வேலடி. போட்டோ ஒரு கேடா?"

கயலைத் திட்டுகிற அதே தொண்டை. பட்டறையே திரும்பிப் பார்த்தது. திட்டி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நாளைக்குப் போகிறவளை இப்படியா. தீர்ந்தது, இனி சாரைக் கூப்பிட்டு இதையும் சொல்வாள்.

அவள் அழவில்லை. முகம் சிவந்து போயிற்று. குனிந்து சேற்றையெல்லாம் வாளியில் வழித்துக்கொண்டு வந்தாள். அந்த மண்ணைத் திரும்பக் கரைத்து அச்சில் ஊற்றலாம் என்று செய்து காட்டினேன். இருட்டும்வரை என்கூடவே நின்று ஊற்றினாள்.

வீட்டுக்கு வந்து அவள் அம்மாவுக்குப் போன் பண்ணினாள். அவர்கள் பாஷை. நடுவில் "பொடனி, பொடனி" என்று கேட்டது. பின்னாலேயே சிரிப்பு. எதற்கென்று புரியவில்லை. கேட்கவும் இல்லை.

நவம்பர் 2, ஞாயிறு

வானம் வெளுப்பு. இட்லி, வடகறி. வழியனுப்புகிற அன்றைக்குக் குறை வைக்கக்கூடாது.

ஐந்து மணிக்கே எழுந்தேன். எனக்கு முன்னால் அவள் எழுந்து வாசல் கூட்டிக்கொண்டிருந்தாள். கூடமும் கூட்டியாயிற்று, துடைத்தும் ஆயிற்று. மூலையில் தண்ணீர் தேங்கியிருந்தது. "இங்க யாரு துடைப்பா?" என்றேன். துடைத்தாள்.

ஒன்பது மணிக்குக் கார். சார் இறங்கி நேராகப் படியேறி வந்தார். நான் காப்பிக்குப் பால் வைத்து அடுப்படியில் நின்றிருந்தேன். லீனா குரல் கேட்டது, முழுத் தமிழில்:

"சார், ஷூவ கழட்டிட்டு வாங்க. எங்க வூட்ட இப்பத்தான் துடைச்சேன்."

அப்படியே நின்றுவிட்டேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் ஊற்றியது. ஊற்றட்டும்.

சார் ஷூவைக் கழற்றினார். இரண்டு தட்டு இட்லி சாப்பிட்டார். காலி காரோடு திட்டக்குடிக்குப் போன் பண்ணிக்கொண்டே போனார்.