கூலிங் காயிலில் படிந்த வெள்ளிக்கிழமைகள்

இன்று நம் ஊர் அசாம் ஜாவா கடைத்தெருவில் பக்கத்துக் காரின் கதவு திறந்ததும் குபீரென்று ஊதுவத்தி வாசம். உள்ளே ஜில்லென்று ஏர்கான் ஓடிக்கொண்டிருந்தது. என் வாய் சும்மா இருக்குமா? "அண்ணே, வெளிய வச்சுக் கொளுத்துங்க" என்றேன். அந்த மனிதர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

அப்பாவை வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகத் தொடங்கிய புதிது. திரும்பும் வழியில் ஒருநாள் உச்சி வெயிலில் காருக்குள்ளேயே மயங்கிவிட்டார். இரண்டு பட்டறைகளில் கேஸ் ஏற்றியும் கார் குளிரவில்லை. எஸ்டேட் பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நீ ஏர்கான் பட்டறை வைத்திருப்பது தெரிந்தும், உன்னிடம் கடைசியாகத்தான் வந்தேன். பொம்பளைக்கு இதெல்லாம் என்ன தெரியும் என்று நானே நினைத்தேன். இப்போது சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

டேஷ்போர்டில் காற்று வரும் வாயில் உள்ளங்கையை வைத்தாய். கண்ணை மூடிக்கொண்டாய்.

"கேஸெல்லாம் இருக்குடி. காத்துக்குத்தான் வழி இல்ல லா."

இருந்த கேஸை மெஷினில் இறக்கிவிட்டு, டேஷ்போர்டைப் பிரித்துக் கூலிங் காயிலை வெளியே எடுத்தாய். காற்றைக் குளிரவைக்கும் அந்தத் தகடுகளுக்கு நடுவே கறுப்புப் பிசின், திருநீறு, காய்ந்த மல்லிகை இதழ்கள். அப்பாவுக்காக வேண்டிக்கொண்டு வெள்ளிக்கிழமை தவறாமல் காருக்குள் நான் காட்டிய சாம்பிராணி. அதுதான் அப்பாவின் காற்றை அடைத்திருந்தது. ஐயோ, நான் அங்கேயே அழுதுவிட்டேன்.

"சாமிக்கே மூச்சு முட்டிருக்கும் போ" என்று சிரித்தாய். கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் விடவில்லை. வாளியில் பிடித்து, பட்டறைக்குப் பின்னால் வாழை மரத்தடியில் ஊற்றினாய். "திருநீறுடி, யாரும் மிதிக்கக்கூடாது."

எல்லாவற்றையும் மாட்டி, குழாய்களில் இருந்த காற்றை மெஷினால் உறிஞ்சி எடுத்தபின், மீட்டர் முன்னால் உட்கார்ந்தாய். முள் அசைந்தால் எங்கோ ஓட்டை என்றாய். அரைமணி நேரம். முள்ளும் அசையவில்லை, நீயும் அசையவில்லை. கோயிலில்கூட நான் அப்படி நின்றதில்லை. எங்கிருந்து வந்தது உனக்கு அந்தப் பொறுமை? பள்ளியில் ஐந்து நிமிடம் ஒரு இடத்தில் இருந்தவளா நீ!

பிறகு கேஸை அளந்து ஏற்றினாய். வீட்டுக்குப் போகும் வழியில் அப்பா, "பிள்ளை, குளிருது, கொஞ்சம் குறைச்சு வை" என்றார். அந்த வார்த்தையைக் கேட்க எத்தனை நாள் ஏங்கியிருந்தேன்!

போன வருடம் நீ நோயில் விழுந்தபோது உன்னையும் அதே காரில்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பேசவே சிரமப்பட்ட நிலையிலும் கையை நீட்டி, காற்று வரும் வாயில் வைத்தாய். "நல்லா ஜில்லுனு இருக்குடி" என்றாய். அங்கேயே உன்னைப் பறிகொடுத்துத் திரும்பி வரும்போது பக்கத்து இருக்கை காலி. ஏர்கானை அணைக்க எனக்கு மனம் வரவில்லை.

சாம்பிராணியை இப்போது வாசலில் வைத்துத்தான் காட்டுகிறேன். அப்பா ஏறும்முன் நீ வைத்த இடத்திலேயே கையை வைத்துப் பார்க்கிறேன். இன்று காலையும் வைத்தேன். ஜில்லென்றுதான் வருகிறது.