பதினேழாம் மாடிக் குப்பைக் குழாய்

மூவுலகிலும் எனக்கு வாய்த்த ஒரே எதிரியான அன்பு மச்சானுக்கு,

நீ எங்களை விட்டுப் போய்ச்சேர்ந்து ஏழு மாதம். மல்வேர்னில் முதல் பனி கொட்டிவிட்டது. இமயமலை பார்த்தால் வெட்கப்படும். உன் மனைவி, என் தங்கச்சி, சுகமாக இருக்கிறாள்.

போன தைப்பொங்கல் ஒன்றுகூடலை மறந்திருக்கமாட்டாய். ஊரில் பௌதிகம் படிப்பித்த நீ மைக்கைப் பிடித்து, வெப்பவியக்கவியலின் இரண்டாம் விதியை விளக்கினாய்: மூடின பெட்டிக்குள் விட்டால் எல்லாம் குலைந்துகொண்டே போகும்.

நான் எழும்பினேன். "அப்ப ஒரு துளியிலையிருந்து இருநூறு இறாத்தல் மச்சான் எப்பிடி வந்தவர்? உவரே விதியை முறிச்ச ஆள்தானே."

கைதட்டல் நயாகராவரை கேட்டது. "உயிர் மூடின பெட்டி இல்லையடா, குப்பைக் குழாயை யோசிச்சுப் பார்" என்று நீ சொன்னது அந்தச் சிரிப்பில் ஒருவருக்கும் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. கேட்காதவன்போல் வடையை எடுத்துக் கடித்தேன்.

போன கிழமை எங்கள் கட்டடத்தில் எவனோ ஒரு மகான், எல்லா மாடிக் குப்பையும் கீழே விழும் குப்பைக் குழாய்க்குள் மெத்தையைத் திணித்துவிட்டான். லிப்டும் படுத்துவிட்டது. பதினேழு மாடி இறங்கிக் குப்பை கொட்ட நான் என்ன அனுமானா? சமைத்தேன், கழுவினேன், கூட்டினேன். அடுப்படி மினுங்க மினுங்க, பல்கனியில் பைகள் கோபுரமாக எழுந்தன.

நாலாம் நாள் மண்டைக்குள் விளக்கெரிந்தது. என் வீட்டு ஒழுங்கெல்லாம் இத்தனை நாளும் கீழே குப்பையாகத்தான் விழுந்திருக்கிறது. உடம்பும் அப்படித்தானே? சோற்றைத் தின்று எலும்பும் தசையும் அடுக்குகிறோம். சூடு, மூச்சு, வியர்வை, கழிவு என்று அதைவிடப் பெரிய குலைவை வெளியே தள்ளுகிறோம். விதி முறியவில்லை. குழாய் திறந்திருக்கிறது, அவ்வளவுதான்.

சிறுநீரகம் பழுதாகி, கிழமைக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரித்து வந்தவன் நீ. குழாய் அடைபட்டால் என்னவென்று உனக்குத் தெரியாமலா அன்றைக்குச் சொன்னாய்?

தங்கச்சியிடம் ஒப்புக்கொண்டேன். அவள் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே சொன்னாள்: "அவருக்கு அண்டைக்கே தெரியும், அண்ணை. 'உன்ரை அண்ணைக்கு விளங்கீட்டுது, அதுதான் வடையைக் கடிக்கிறார்' எண்டவர்."

வருகிற தைப்பொங்கலுக்கு அதே மண்டபத்தில், அதே மைக்கில், நீ வென்றாய் என்று சொல்வேன். என்னைத் தெரிந்தவர்கள் பகிடி என்று சிரிப்பார்கள். சிரிப்பு அடங்கும்வரை நின்று, எல்லாருக்கும் கேட்க இன்னொருமுறை சொல்வேன்.

அண்டசராசரங்களின் முன்னாள் சம்பியன்,
உன் மனைவியின் தமையன்