உம்மா கேட்ட கூரை

நிந்தவூர்
8.2.1981

என் கண்ணான மகன் ஸைனுலாப்தீனுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் தங்கச்சி சுல்பிகாவும் அல்லாஹ்வின் காவலில் இருக்கிறோம். அந்த வெயிலில் நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்பதுதான் எனக்கு எந்நேரமும் யோசனை.

உன் காக்கா, என் மூத்த மகன், மௌத்தாகி வருஷம் திரும்பிவிட்டது. கத்தம் ஓதிச் சோறு கொடுத்தோம். அவன் மையத்தைக்கூட நான் காணவில்லை மகன். அவனை அடக்கின அந்த நாட்டு மண் எந்த நிறம் என்று நீயாவது ஒருதரம் எழுது.

பாலமுனை ஹாஜறா மாமி தன் மகனுக்குச் சுல்பிகாவைக் கலியாணம் பேசி வந்தார். பொடியன் கச்சேரியில் கிளாக்கர். காக்கா அனுப்பிய காசில் சுல்பிகாவின் சீதன வீட்டுக்கு எழும்பின சுவரை மாமி தட்டித் தட்டிப் பார்த்தார். "சுவர் நல்ல பலம்தான். மேல பாத்தா வானம் தெரியுதே கா! என்ட மகன் குடையப் புடிச்சிக்கிட்டா படுக்கிற?" என்றார். வந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு முகம் செத்துப் போயிற்று.

உன் ஒப்பந்தம் மே மாதம் முடியும் என்று எழுதியிருந்தாய். இன்னும் ஒரு வருஷம் இருந்தால் ஓடு போட்டுவிடலாம். கூரை மட்டும்தான் மகன். பிறகு நான் ஒன்றும் கேட்கமாட்டேன்.

துஆவோடு,
உம்மா


தம்மாம்
3.3.1981

அன்பு உம்மாவுக்கு மகனின் ஸலாம்.

நான் சுகம். சாப்பாட்டுக்குக் குறை இல்லை. கேம்பில் ஒரு மலையாளி மீன் ஆணம் நன்றாகக் காய்ச்சுவான்.

நீங்கள் சொன்னபடி இன்னும் ஒரு வருஷம் இருக்கிறேன். ஹாஜறா மாமியிடம் சொல்லிவிடுங்கள்.

ஒன்று எழுதினால் கோபிக்க வேண்டாம். "சுவர் மட்டும்தான், பிறகு ஒன்றும் கேட்கமாட்டேன்" என்று காக்காவுக்கும் எழுதினீர்கள். ஊருக்கு வரப் பெட்டியும் வாங்கி வைத்திருந்தார். அந்தக் கடிதத்தை எனக்கு வாசித்துக் காட்டிச் சிரித்தார். "உம்மா இப்ப சுவருல நிக்கிறாடா. கூரை ஒனக்கு" என்றார். ஊருக்கு வராமல் இங்கேயே இருந்தார். பிறகுதான் வேலைத்தலத்தில் ஐந்தாம் மாடியிலிருந்து விழுந்தார்.

நான் குறையாகச் சொல்லவில்லை. ஞாபகம் வந்தது, எழுதினேன். மண் நிறம் கேட்டீர்கள். வெளிறின மஞ்சள்.

உங்கள் மகன்,
ஸைனுலாப்தீன்


நிந்தவூர்
24.4.1981

என் மகனுக்கு,

உன் கடிதத்தை வாசித்துக்கொண்டு வந்த சுல்பிகா ஓரிடத்தில் நிறுத்திவிட்டாள். "வாசி புள்ள" என்றேன். "வாணாம் உம்மா" என்றாள். வாசிக்க வைத்தேன். அன்றே உனக்கு எழுத இருந்தேன். கை வரவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்ற கை, மெதுவாகத்தான் எழுதும். ஆனால் அது காரணம் இல்லை என்று உனக்கும் தெரியும்.

புது ஒப்பந்தத்துக்கு நீ கையெழுத்து வைக்க வேண்டாம். கூரை வேண்டாம். மே மாதமே வந்துவிடு.

இன்னொரு செய்தி. சுல்பிகா பேராதனைக் கம்பசில் படிக்க எடுபட்டிருக்கிறாள். கடிதம் வந்து கொஞ்ச நாளாயிற்று, உனக்கு மறைத்தேன். "குமர்ப்புள்ள தனிய மலைநாட்டுக்குப் போறதா? நான் மௌத்தாப் போன பொறகு போ" என்று சத்தம் போட்டேன். அவள் அழவில்லை. "எனக்கு வீடு வாணாம் உம்மா. காக்காட உசிர் போன சுவருக்குள்ள நான் எப்பிடிப் படுக்கிற? பஸ்ஸுக்குக் காசத் தாங்க" என்றாள். 

நானே கூட்டிக்கொண்டு போனேன். மட்டக்களப்புக்கு அங்கால் நான் போனது இதுதான் முதல்தரம். அங்கே படிக்கிற பெண்பிள்ளைகள் எப்படிக் கெட்டுப் போயிருப்பார்களோ என்று வழி நெடுக ஓதிக்கொண்டு போனேன். போய்ப் பார்த்தால், சோற்றில் கல் கிடக்கிறது என்று சமையல்காரனோடு சண்டை பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். சிங்களப் பிள்ளை, தமிழ்ப் பிள்ளை, காத்தான்குடிப் பிள்ளை ஒன்று, எல்லாம் ஒரே சத்தம். இவ்வளவு காலமும் நான் பயந்தது இதற்கா? இந்தப் பயத்தில் அவளை வீட்டோடு ஒருவனுக்கு முடித்துக் கொடுக்கவா இரண்டு ஆண்பிள்ளைகளைக் கடல் கடத்தினேன்?

பாலமுனைக்கு ஆள் அனுப்பி, கூரை இல்லை என்று சொல்லிவிட்டேன். மாமி பிறகு இந்தப் பக்கமே வரவில்லை.

நீ வா மகன்.

உம்மா


தம்மாம்
19.5.1981

உம்மாவுக்கு,

உங்கள் கடிதம் வரும்போது நான் கையெழுத்து வைத்துவிட்டேன். இரண்டு வருஷத்துக்கு. ஒரு வருஷத்துக்குக் கம்பனி சம்மதிக்கவில்லை.

தங்கச்சியைக் கம்பசுக்கு அனுப்ப முன்னர் என்னிடம் ஒரு சொல் கேட்டிருக்கலாம். ஊர் என்ன கதைக்கும்? வீடும் இல்லாமல், நாலு வருஷம் வெளியில் நின்ற பிள்ளையை யார் கலியாணம் முடிக்கப் போகிறான்? வாப்பா இல்லாத பிள்ளைகள் என்று எங்களைச் சொல்ல விடக்கூடாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? தங்கச்சிக்கு வீடு கட்டாதவன் ஆம்பிளையே இல்லை என்று சோறு போடும்போதெல்லாம் சொன்னதும் நீங்கள்தான்.

இப்போது வேண்டாம் என்கிறீர்கள். அப்படியென்றால் நான் எதற்கு இங்கே வந்தேன்? காக்கா எதற்கு மௌத்தானார்?

ஓடு போடாமல் நான் ஊருக்குள் வரமாட்டேன்.

ஸைனுலாப்தீன்


நிந்தவூர்
30.6.1981

என் மகன் ஸைனுலாப்தீனுக்கு உம்மாவின் ஸலாம்.

நீ எழுதியதெல்லாம் என் வாய்ச்சொல். நான் விட்டுவிட்டேன், நீ பிடித்துக்கொண்டிருக்கிறாய். உன்னில் எனக்குக் கோபம் இல்லை. என் கடிதத்தை அன்றே எழுதியிருந்தால் நீ கையெழுத்து வைத்திருக்கமாட்டாய். அதுவும் என் கணக்கில்தான்.

காக்கா எதற்கு மௌத்தானார் என்று கேட்டிருக்கிறாய். அல்லாஹ்வின் நாட்டம் என்று பள்ளிவாசல் ஆட்கள் சொன்னபோது ஓம் என்று தலையை ஆட்டினேன். அவன் வருகிறேன் என்றான், நான் இரு என்றேன். அதை நான் யார் நாட்டத்தில் போடுவேன்?

சுல்பிகா லீவில் வந்தாள். மெலிந்துவிட்டாள், ஆனால் கதை கூடிவிட்டது. சுவருக்குள் நின்றுகொண்டு கேட்டாள்: "காக்காமாருக்கு எந்த வீடு உம்மா?" நான் திகைத்துப் போனேன். எங்கள் ஊரில் ஆண்பிள்ளைக்கு ஏது வீடு? முடிக்கும் வரைக்கும் உம்மா வீடு, முடித்தால் பெண்டாட்டி வீடு. நடுவில் தங்கச்சிக்குக் கட்டுவான். இந்த வயது வரைக்கும் நான் அதை ஒரு கேள்வியாக நினைத்ததே இல்லை.

அந்தச் சுவருக்குள் கிழக்குப் பக்கத்து அறைக்குத் தென்னங்கிடுகு போட்டுவிட்டேன். கதவு கொழுவ வந்த ஓடாவி, "மாப்புள வரப் போறாரா?" என்று கேட்டார். "இல்ல, என்ட மகனுக்கு" என்றேன். அவர் சுத்தியலை வைத்துவிட்டார். "ஆம்புளப் புள்ளைக்கு ஆருகா வீடு குடுக்கிற? ஒங்களுக்கென்ன, தலைக்கு ஏதும் சுகமில்லையா?" என்றார். "கதவக் கொழுவுங்க" என்றேன்.

அந்த அறையை உன் பெயருக்கு எழுதுகிறேன். சுல்பிகா சம்மதம். ஓடு இல்லை, பெரிய மழைக்கு ஒரு மூலை ஒழுகும். ஊர் சிரிக்கிறது, சிரிக்கட்டும்.

வைத்த கையெழுத்தை முடித்துவிட்டு வா. வெறுங்கையோடு வா. நீ வராவிட்டாலும் அந்த அறையில் வேறு யாரையும் நான் வைக்கமாட்டேன். உன் காக்காவுக்கு ஒரு மூலையும் நான் வைக்கவில்லை.

இதற்கு நீ பதில் எழுத வேண்டும் என்று கேட்கவும் எனக்கு முகம் இல்லை.

உம்மா