மேனேஜர் சொன்ன ‘நாளைக்கு’

அன்பு மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றிப் போகப்போக எழுதுகிறேன். நீயும் மருமகளும் குட்டியும் சுகம்தானே, குட்டிக்கு இருமல் விட்டதா, வெந்நீரே குடிக்கக் கொடுங்கள். வாரா வாரம் போனில் பேசுகிறவள் இதென்ன புதுசாகக் கடிதம் என்று முழிக்காதே. இந்த விஷயத்தைச் சொல்வதற்காகவே மூன்று தடவை போனை எடுத்தேன். நீ என்ன சாப்பிட்டாய், நான் என்ன சாப்பிட்டேன் என்பதிலேயே அது முடிந்துபோகிறது. கொஞ்சம் கனமாக ஏதாவது சொல்ல வாயெடுத்தால், சரிம்மா வேலைக்கு நேரமாச்சு என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது பார், வைத்தாலும் அது மேஜைமேல் உன்னையே பார்த்துக்கொண்டு கிடக்கும்.

மேனேஜர் இறந்துபோன செய்தியை அன்றைக்கே சொன்னேன். அப்படியா என்றாய், அடுத்த மூச்சில் என் பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டதா என்று கேட்டாய். உன்மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் போனை வைத்துவிட்டு வெகுநேரம் நான் துணி மடிக்கிற மேஜையைப் பிடித்துக்கொண்டே நின்றேன். அவர் பதவியை விட்டு நான்கு வருஷமாகிறது, இந்த நான்கு வருஷத்தில் நம் கால்பந்து கிளப்பின் டீமுக்கு மூன்று பேர் மேனேஜராக வந்து போய்விட்டார்கள், ஆனாலும் இங்கே மேனேஜர் என்றால் அவர்தான், மற்றவர்களையெல்லாம் புது ஆள் என்றுதான் சொல்கிறோம். ஜெயித்த அன்றைக்கு யார் கண்ணிலும் படாமல் என் சலவை அறை வழியாகப் பின்பக்கம் நழுவிவிடுவார். தோற்ற அன்றைக்குத்தான் வேலி ஓரமாக வந்து நிற்பார். திட்டுகிறவர்கள் எல்லாரும் திட்டி முடிக்கும்வரை நின்று கேட்டுவிட்டு, நாளைக்கு என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுப் போவார். அடுத்த ஆட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கும், சில சமயம் ஒரு மாதம் இருக்கும், அவருக்கு எல்லாமே நாளைக்குத்தான். முதலில் ஜனங்கள் அதைச் சொல்லிச் சிரித்தார்கள், பிறகு கொடியிலேயே எழுதிக்கொண்டார்கள். உனக்கு அந்த வார்த்தை ஆகாது என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் பொறுத்துக்கொண்டு படி.

வியாழக்கிழமை காலையில் செய்தி வந்தது. மத்தியானத்துக்குள் மைதானத்துக் கம்பிவேலி முழுக்க ரசிகர்கள் கட்டிய கிளப் மஃப்ளராகிவிட்டது. பத்து வருஷத்துப் பழசு, போன வாரம் வாங்கியது, பூச்சி அரித்தது எல்லாம். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுக் காகிதம் குத்தியிருந்தது. ஆட்டத்துக்கு ஆட்டம் அவரை வாய்க்கு வந்தபடி ஏசுவானே ஒரு பெயிண்டர், உனக்கு ஞாபகம் இருக்கும், ஏணியில் நின்று கத்துவான், அவன் வேலை உடுப்போடு வந்து வேலியைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான். உன் அப்பா அன்றைக்கு மாலை கடைசி டிரிப்பில் பஸ்ஸை மைதானத்து கேட்டுக்கு எதிரே நிறுத்தி, ரெண்டு நிமிஷம் என்று பயணிகளிடம் கேட்டிருக்கிறார். ஒருவர்கூட முணுமுணுக்கவில்லையாம். உன் அப்பாவா அப்படிச் செய்தார் என்று நீ கேட்பாய். உனக்காகப் பதினோரு வருஷம் அந்த மனுஷனோடு பேசாமல் இருந்தவர், ஒருநாள் அவரே பஸ்ஸில் ஏறியபோதுகூடக் கண்ணாடியை நேராகப் பார்த்துக்கொண்டே ஓட்டியவர். எனக்கும் ஆச்சரியமாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பிடித்தது பார் மழை. புழுதியும் சேறுமாக மஃப்ளர்களெல்லாம் வேலியில் தொங்கிக்கொண்டிருந்தன, பாதி கீழே விழுந்து கிடந்தன. வாசலில் வாட்ச்மேனைத் தவிர ஆளில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாக இந்த கிளப்பின் அழுக்கை எடுத்துக்கொண்டிருக்கிறேன், அவருக்கென்று வந்த துணி சேற்றில் கிடப்பதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒன்றுவிடாமல் அள்ளி ஏழு கூடையில் உள்ளே கொண்டுவந்தேன். காகிதங்களைப் பிரித்து, கிளிப் போட்டுக் கயிற்றில் உலர்த்தினேன். படிக்கக்கூடாதுதான், ஆனாலும் கண் போய்விட்டது. ஒருவர், உங்களைத் திட்டுவதற்காகவே டிக்கெட் வாங்கினேன் ஐயா, இனி யாரைத் திட்டுவேன் என்று எழுதியிருந்தார். துணியைக் கலர் கலராகப் பிரித்துக்கொண்டே வந்தவள் ஐந்தாவது கூடையில் கை வைத்தபோது, மஃப்ளர்களுக்கு நடுவே ஒரு ஜெர்ஸி வந்தது. பதினாலாம் நம்பர். அந்த நாலில் ஒரு தையல் கோணலாகப் போயிருக்கும், நான் போட்ட தையல்தான், எனக்குத் தெரியாதா. உன் ஜெர்ஸி. நம் வீட்டு அலமாரியின் அடித்தட்டில் இருந்ததை உன் அப்பா எனக்குத் தெரியாமல் எடுத்துப்போய் வேலியில் கட்டியிருக்கிறார். அதை மடியில் வைத்துக்கொண்டு ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பிறகு எழுந்து பிரித்தது பிரிக்காதது எல்லாவற்றையும் பார்க்காமல் கொள்ளாமல் மெஷினில் திணித்திருக்கிறேன். அதில் ஒரு சிவப்பு மஃப்ளர் இருந்திருக்கிறது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் இறுதி ஆட்டத்தில் நம்மைத் தோற்கடித்த கிளப்பின் கலர் அது, அதன் ரசிகர் யாரோ மனசு கேட்காமல் வந்து கட்டிவிட்டுப் போயிருக்கிறார். மூடியைத் திறந்தால் நம் பச்சைக்கு நடுவே இருந்த வெள்ளையெல்லாம் ரோஸ் கலர். சலவைக்காரி என்று வெளியில் சொல்லிக்கொள்ள முடியாத காரியம்.

திங்கட்கிழமை காலையில் வந்தவர்கள் வேலி மொட்டையாக நிற்பதைப் பார்த்து, கிளப்காரர்கள் குப்பையில் போட்டுவிட்டார்கள் என்று கொதித்துப்போய்விட்டார்கள். ஆபீஸ் கதவைத் தட்டுகிறார்கள், புது ஆள் பயந்துபோய் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். நான் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே போய், யாரும் எதையும் தூக்கிப் போடல, நான்தான் துவைச்சேன், அவர அழுக்குத் துணியோடயா அனுப்புவீங்க என்று ஒரு சத்தம் போட்டேன். பெயிண்டர்தான் முதலில் வந்தான். தன் மஃப்ளரை எடுத்துப் பார்த்தான், முகத்தில் வைத்து மோந்தான், இவ்ளோ நாள்ல இது இன்னைக்குத்தான் சோப்பைப் பார்க்குது, கலரு மட்டும் எதிர் டீமுக்குப் போயிடுச்சு என்றான். சிலர் சிரித்தார்கள், அப்புறம் எல்லாரும் அழுதார்கள். எல்லாருமாகச் சேர்ந்து திரும்பக் கட்டினார்கள். உன் ஜெர்ஸியை மட்டும் நான் தனியாகக் கையால் துவைத்து உள்ளேயே வைத்துக்கொண்டேன். அதை வெளியே எடுத்துப்போக எனக்கு யோக்கியதை இருப்பதாகத் தோன்றவில்லை. அது ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வளைத்து வந்திருக்கிறேன்.

அந்த இறுதி ஆட்டத்துக்கு மூன்று நாள் முன்னால், பயிற்சிக்குப் போட்ட உன் டிரவுசரைத் துவைக்க எடுத்தேன். பாக்கெட் பார்க்காமல் மெஷினில் போடுகிற பழக்கம் எனக்கில்லை என்று உனக்கே தெரியும். டாக்டர் சீட்டு நாலாக மடித்து இருந்தது. இடது முட்டி, ஆறு வாரம் ஓடக்கூடாது, மீறி ஆடினால் காலம் முழுக்க நொண்ட வேண்டி வரலாம் என்று எழுதியிருந்தது. நீ ஊசி போட்டுக்கொண்டு யாருக்கும் சொல்லாமல் ஆடத் தயாராகிக்கொண்டிருந்தாய். பெரிய கிளப்பிலிருந்து உன்னைப் பார்க்க ஆள் வருகிறார் என்று வீடே மிதந்துகொண்டிருந்தது. உன்னிடம் கேட்டால் கேட்கமாட்டாய், உன் அப்பாவிடம் சொன்னால் அவர் உன் பக்கம்தான் பேசுவார். ஆட்டத்தன்று காலை ஏழு மணிக்கு மேனேஜர் வழக்கம்போல ஆடுகிறவர்கள் பட்டியலை என் கதவில் ஒட்ட வந்தார். உன் பெயர் மூன்றாவதாக இருந்தது. சீட்டைக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். இத நீங்களே அவன்கிட்ட சொல்லலாமேம்மா என்றார். சொன்னா சாகிற வரைக்கும் என்கிட்ட பேசமாட்டான் சார் என்றேன். கயிற்றில் கிடந்த ஒரு காலுறையை இழுத்துச் சரிசெய்தார். அப்போ என்கிட்ட பேசாம இருக்கட்டும், எனக்கு அது பழக்கம்தான் என்று சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்து உன் பெயரை அடித்தார். யாருக்கும் தெரியக்கூடாது என்று நான் கேட்டேன், தெரியாது என்றார். அவ்வளவுதான் நடந்தது.

தொண்ணூறு நிமிஷமும் நீ ஷூவைக் கட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். ஒரு கோலில் தோற்றோம். உன்னை இறக்காததற்காக அவரை என்னென்ன சொன்னார்கள், நானும் வேலிக்குப் பின்னால் நின்று கேட்டேன், வாயைத் திறக்கவில்லை. பயந்தாங்கொள்ளி என்றார்கள், காசு வாங்கிவிட்டான் என்றுகூட ஒருவன் சொன்னான். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நாளைக்கு என்றார். உன்னிடமும் ‘நீ நாளைக்கு’ என்றுதான் சொன்னாராம். இறுதி ஆட்டத்துக்கு அப்புறம் ஏதும்மா நாளைக்கு என்று வீட்டில் வந்து தட்டை வீசினாய். உன்னைப் பார்க்க வந்த ஆள் திரும்பி வரவே இல்லை, நீயும் அடுத்த வருஷமே கிளம்பிவிட்டாய். உன் கல்யாணத்துக்கு அவர் வந்து கை நீட்டியபோது நீ கேமராவைப் பார்த்துக்கொண்டு நின்றாய். அவர் அந்தக் கையால் தன் கோட்டுப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு இறங்கிப் போனார். அந்தப் போட்டோவை நான் ஆல்பத்தில் ஒட்டவில்லை.

வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது என் அறைக்குள் எட்டிப் பார்த்து, பையன் முட்டி எப்படிம்மா இருக்கு என்பார். நல்லா இருக்கு சார், மாடி மாடியா ஏறி லிஃப்ட் மாட்டுறான் என்பேன். சந்தோஷப்படுவார். பிறகு குரலைத் தணித்து, சொல்லிட்டீங்களா என்பார். நாளைக்குச் சொல்றேன் சார் என்பேன். என் சரக்க என்கிட்டயே விக்கிறீங்களே என்று சிரிப்பார். இது எங்களுக்குள் ஒரு வேடிக்கை மாதிரியே ஆகிவிட்டது. இரண்டு மாதத்துக்கு முன்னால் அவர் படுத்துவிட்டார் என்று கேட்டு வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். துணி தொங்குகிற மாதிரி இருந்தார். அப்போதும் கேட்டார், அப்போதும் நான் நாளைக்கு என்றேன். அந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை, சரிம்மா என்று தலையை மட்டும் ஆட்டினார். எனக்கு அது தினமும் கண்ணுக்குள் வருகிறது.

சனிக்கிழமை ஆட்டத்துக்கு அவர் மனைவி வந்தார். அத்தனை பேரும் ரோஸ் மஃப்ளர் போட்டுக்கொண்டு நின்றதைப் பார்த்து யார் செய்த வேலை என்று விசாரித்துக்கொண்டு என் அறைக்கே வந்துவிட்டார். பேச்சோடு பேச்சாக, கடைசி நாட்கள்ல ஒரு பையனோட முட்டி எப்படி இருக்குன்னு கேட்டுக்கிட்டே இருந்தார், எந்தப் பையன்னு கேட்டா சொல்லமாட்டேங்கிறார், மருந்து மயக்கம்னு விட்டுட்டோம் என்றார். கட்டின மனைவியிடம்கூட அவர் சொல்லவில்லையடா. என் பையன்தாம்மா என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் என் முந்தானையால் என் முகத்தையே துடைத்துவிட்டார். வெளியே ஒரு நிமிஷம் மௌனம் என்று மைக்கில் சொன்னார்கள். அந்த மைதானம் அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை, என் மெஷினை நிறுத்த ஓட வேண்டியதாயிற்று. முடிந்ததும் பெயிண்டர் நாளைக்கு என்றான், எல்லாரும் சொன்னார்கள். என்னால் மட்டும் அந்த வார்த்தையைச் சொல்ல முடியவில்லை.

அன்று சாயங்காலமே உன் அப்பாவிடம் சொன்னேன். நேற்று முழுக்க என்னிடம் பேசவில்லை. ஏன் ஜெர்ஸியைக் கட்டினீங்க என்று கேட்டுப் பார்த்தேன். இன்று காலை ஷூவைப் போட்டுக்கொண்டே, செத்தவரோட என்ன சண்டைன்னுதான் கட்டினேன், உயிரோட இருக்கும்போது ஒரு வணக்கம் வச்சிருப்பேனே, அதை ஏன் கெடுத்தே என்றார். ஜெர்ஸியை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார், திரும்பக் கட்டுவதற்கு.

நான் செய்தது சரியா தப்பா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அந்தச் சீட்டு இன்றைக்குக் கையில் கிடைத்தாலும் அதையேதான் செய்வேன், அதில் மாற்றமில்லை. ஆனால் உன் கோபத்தை அவர் தலையில் ஏற்றிவிட்டு நான் உனக்கு நல்ல அம்மாவாக இருந்துகொண்டேன் பார், அது தப்பு, பெரிய தப்பு. இனி கோபப்படுவதென்றால் விலாசம் தெரிந்து கோபப்படு. எவ்வளவு நாள் என்னோடு பேசாமல் இருக்க வேண்டுமோ இரு, எனக்கு அது பழக்கமில்லை, பழகிக்கொள்கிறேன். அவரைப் பற்றி மட்டும் உன் மனசில் வைத்திருப்பதைத் துடைத்துவிடு. குட்டிக்கு அவரைப் பற்றிச் சொல்வதானால் நல்லதாகச் சொல்.

தபாலாபீஸ் ஐந்து மணிக்கு மூடிவிடும், இப்போது நாலே முக்கால். உன் அப்பா டியூட்டி முடிந்து வந்து நிற்கிறார், ஓடாதே, நாளைக்குப் போட்டுக்கலாம் என்கிறார். வேண்டாம், இன்றைக்கே போட்டுவிட்டு வருகிறேன். நீயும் மருமகளும் குட்டியும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், என் ஆயுசையும் சேர்த்து இருக்க வேண்டும். குளிர் ஆரம்பித்துவிட்டால் முட்டி உறையைப் போடாமல் ஏணி ஏறாதே. பேச மனசில்லாவிட்டாலும் ஒரு வரி மட்டும் எழுதிப் போடு, முட்டி எப்படி இருக்கிறது என்று. அதைக் கேட்க இனி நான் ஒருத்திதான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் பெயரை அந்தப் பட்டியலில் அடிக்கச் சொன்ன
உன் அம்மா