இலவச வைத்தியமும் என் வேன் ஹயரும்

கல்முனை.

அஸ்ஸலாமு அலைக்கும்.

என் அன்பு மகள் றுஸ்னாவுக்கு வாப்பா எழுதுவது. கடல் தாண்டியிருக்கும் உன்னை அல்லாஹ் நோய்நொடி அண்டாமல் பாதுகாக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறோம், இங்கே நானும் உம்மாவும் அவனுடைய காவலில் நல்ல சுகம். உம்மாவுக்கு முழங்கால் மட்டும் குனிந்து நிமிரும்போது பிடிக்கிறது, எண்ணெய் போட்டுக்கொள்கிறார், டொக்டரிடம் போகச் சொன்னால் நாளைக்கு என்கிறார். இந்த முறை மழை பிந்தியதால் வயலில் விதைப்பும் பிந்திவிட்டது, ஆனால் பயிர் பச்சையாக நிற்கிறது. சாய்ந்தமருது அஸ்கி லீவு முடிந்து வெள்ளிக்கிழமை மஸ்கட் திரும்புகிறார், அவரிடம் இந்தக் கடிதத்தோடு நெத்தலிக் கருவாடும் உம்மா இடித்த மிளகாய்த்தூளும் அனுப்புகிறேன். போனிலேயே சொல்லலாமே என்று நீ நினைப்பாய், போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை மகள், அதனால்தான் எழுதுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் நீ கோபமாகக் கேட்டாய், நினைவிருக்கும். பாண்டிருப்பு சாமித்தம்பி பெண்சாதியின் வைத்தியத்துக்காக மீன்பிடி வள்ளத்து என்ஜினை விற்றுவிட்டார் என்று உம்மா சொன்னதும், "ஆஸ்பத்திரி இலவசம்தானே வாப்பா, அப்ப அந்தக் காச ஆரு திண்ட?" என்று கேட்டாய். நான் லைன் சரியில்லை என்று சொல்லி உம்மாவிடம் போனைக் கொடுத்தேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. அந்தக் காசில் பெரிய பங்கு என் கைக்குத்தான் வந்தது, அதைத்தான் உன்னிடம் சொல்ல முடியவில்லை.

சாமித்தம்பியின் பெண்சாதி இராசாத்திக்கு இதயத்து வால்வு சுருங்கியிருந்தது, நாலடி நடந்தால் மூச்சு வாங்கும். இங்கே பார்த்த டொக்டர் ஒப்பரேசன் கொழும்பில்தான் என்று துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தார். பஸ்ஸில் அவ்வளவு நேரம் உட்கார்ந்து போக இராசாத்தியால் ஏலாது, ஆகவே என் வேனைப் பிடித்தார்கள். முதல் முறை போனபோது பல் டொக்டரின் கடிதம் இல்லை, பல்லில் கிருமி இருந்தால் இதயத்தில் கத்தி வைக்க மாட்டோம் என்று திருப்பி அனுப்பினார்கள். அந்தப் பல்லை இங்கேயே பார்த்திருக்கலாம், யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. இரண்டாம் முறை இரத்தப் பரிசோதனை பழசாகிவிட்டது என்றார்கள். மூன்றாம் முறை முன்பு கேட்டதெல்லாம் கையில் இருந்தது, ஆனால் டொக்டர் வெளிநாடு போயிருந்தார், புதிதாக ஒரு ஸ்கேனும் எடுக்க வேண்டும் என்றார்கள். ஆஸ்பத்திரியில் அந்த ஸ்கேனுக்குப் பன்னிரண்டு நாள் காத்திருக்க வேண்டும், பன்னிரண்டு நாள் லொட்ஜில் தங்குவதைவிட வெளியே காசு கொடுத்து எடுப்பது மலிவு என்று சாமித்தம்பி கணக்குப் பார்த்து வெளியே எடுத்தார். டொக்டருக்கு ஒரு சதம் கொடுக்கவில்லை, மருந்துக்கும் இல்லை, செலவெல்லாம் தூரத்துக்குத்தான் மகள். அதற்குமேல் கடலுக்குப் போகாத நாட்கள், அவர்களுடைய பிள்ளை உசாந்தினி பள்ளிக்கூடம் போகாமல் அயல்வீட்டில் நின்ற நாட்கள். வரும்போது வேனில் இடம் கிடந்தாலும் நான் இரண்டு வழிக்கும் டீசல் வாங்கத்தானே வேண்டும், அதுவும் அவர் தலையில்தான்.

அந்த மூன்றாம் முறை லொட்ஜுக்குக் கீழே உள்ள கடையில் நான் சோறு எடுத்தேன், சாமித்தம்பி பிளேன்ரீ மட்டும் குடித்தார். கூப்பிட்டதற்கு, சொந்தத் தம்பியைப் போல, "நான் அப்பவே சாப்பிட்டுட்டன் காக்கா, நீங்க சாப்பிடுங்க" என்றார். காலையிலிருந்து அவர் என் கண்ணை விட்டு விலகவில்லை, எப்போது சாப்பிட்டிருப்பார்? ஊருக்கு வந்து இறங்கியதும் பேசிய ஹயரை ஒரு ரூபாய் குறையாமல் எண்ணித் தந்தார். நானும் வாங்கிச் சட்டைப்பையில் வைத்தேன். என்ஜின் போன கதை அடுத்த நாள் சந்தையில்தான் தெரிந்தது. இத்தனை வருடம் ஆஸ்பத்திரி ஹயர் ஓடியிருக்கிறேன், நான் கேட்பது நியாயமான காசு, யாரையும் ஏமாற்றவில்லை என்றே இருந்தேன். அன்றைக்கு அந்த நியாயம் எனக்குப் போதவில்லை.

காசைத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன் என்று உம்மாவிடம் சொன்னேன். உம்மா அரிசி களைந்துகொண்டே, "குடுங்க, அவருக்கும் ஆறும், ஒங்கட மனசும் ஆறும். வாற கிழமை போற ஆக்களுக்கு என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தால் போன வருடம் நான் ஏற்றிப் போனவர்களில் ஒன்பது பேர் ஏதோ ஒரு துண்டுக் கடிதம் இல்லாமல் சும்மா திரும்பியிருக்கிறார்கள். அதைக் கொண்டுபோய் கிளினிக்கில் நேர்ஸாக வேலை செய்யும் நஸ்லின் மிஸ்ஸியிடம் சொன்னேன். அவ எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கொழும்புல ஒரு டொக்டரச் சுத்தி ஆயிரம் நோயாளி இரிக்காங்க, அதால மெசினும் அங்கதான் நிக்கும் காக்கா. இஞ்ச கொஞ்சப் பேருக்கு ஆரு கொண்டாந்து வைக்கிற? அத நாம மாத்த ஏலா. சும்மா போய்ச் சும்மா வாறத நிப்பாட்டலாம்" என்றா.

அப்படித்தான் தொடங்கியது. இப்போது கொழும்புக்குப் போகிறவர்கள் முதலில் மிஸ்ஸியிடம் வருகிறார்கள், அவ கொழும்புக்குப் போன் எடுத்து டொக்டர் நிற்கிறாரா, என்ன கடிதம் வேண்டும், எத்தனை நாளைய இரத்தப் பரிசோதனை வேண்டும் என்று கேட்டு எழுதிக் கொடுக்கிறா. முடிந்தவரை எல்லாருக்கும் செவ்வாய்க்கிழமையே திகதி கேட்கிறா. ஐந்து குடும்பம் ஒரே வேனில், ஹயரை ஐந்தாகப் பிரிக்கிறோம், வரும்போது அங்கே துண்டு வெட்டி வீட்டுக்குப் போகச் சொன்னவர்களை ஏற்றிக்கொண்டு வருகிறேன். மற்ற வேன்காரருக்குப் பிடிக்கவில்லை. றிஸ்வான் ஸ்டாண்டில் எல்லாருக்கும் முன்னால், "எங்கட வயித்துல அடிக்கிறீங்களே காக்கா, அஞ்சு ஹயர ஒண்டாக்கினா நாங்க என்னத்தத் திங்கிற?" என்று சத்தம் போட்டார். அவர் கேட்டதும் நியாயம்தான், நான் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன். ஆனால் இரண்டு மாதத்தில் என் வேனில் இடம் போதவில்லை. இவ்வளவு பேர் எங்கிருந்து வருகிறார்கள் என்று பார்த்தால், காசு இல்லாததால் துண்டை அலுமாரியில் வைத்துவிட்டு வீட்டிலேயே கிடந்தவர்கள் மகள். ஒலுவிலில் ஒரு தாய் இரண்டு வருடமாக அப்படி இருந்திருக்கிறா. நானே போய் றிஸ்வானைக் கேட்டேன், வியாழக்கிழமைகளில் இப்போது அவர் ஓடுகிறார். இன்னும் என்னோடு முகம் கொடுத்துச் சிரிப்பதில்லை, ஆனால் நேரத்துக்கு வருகிறார்.

இராசாத்திக்கு ஒப்பரேசன் முடிந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். பழைய ஹயரைத் திருப்பிக் கொடுக்கப் போனேன், சாமித்தம்பி வாங்கவில்லை. ஒப்பரேசனுக்குப் போன பயணத்துக்கு நான் காசு வேண்டாம் என்றேன், அவர் டீசலுக்காவது எடுக்கவில்லை என்றால் பஸ்ஸில் போவோம் என்று பிடிவாதம் பிடித்தார், டீசலுக்கு மட்டும் எடுத்தேன். திரும்பி வரும்போது மஹியங்கனையில் தேநீருக்கு நிறுத்தினேன், இராசாத்தி யார் கையையும் பிடிக்காமல் இறங்கிக் கடைப் படியேறி எல்லாருக்கும் ரீ சொன்னா. சாமித்தம்பி வேனுக்கு அந்தப் பக்கம் போய் நின்றார். ஒப்பரேசனுக்குப் பிறகு செய்ய வேண்டிய இரத்தப் பரிசோதனையை மாதாமாதம் இங்கேயே செய்யலாம் என்று சொல்லிவிட்டார்கள், கொழும்புக்கு வருடத்தில் இரண்டு தரம் போனால் போதும். என்ஜின் இன்னும் வரவில்லை, அவர் இப்போது வேறொருவர் வள்ளத்தில் கூலிக்குப் போகிறார். வாங்குவேன் காக்கா என்கிறார், வாங்குவார்.

ஆகவே நீ கேட்டதற்கு என் பதில் இதுதான். தின்றது ஒரு ஆள் இல்லை, தூரம் தின்றது, லொட்ஜ்காரர் தின்றார், ஒரு கடிதம் இல்லாமல் வீணான நாட்கள் தின்றன, உன் வாப்பாவும் தின்றார். உன்னை நேர்ஸிங் படிப்பித்ததும் அந்த வேன் உழைத்த காசில்தான். இதைக் கேட்டு நீ மனம் உடையக் கூடாது, நீ படித்தது ஹலாலான உழைப்பில்தான், ஆனால் உண்மையை நீ என்னிடமிருந்தே தெரிந்துகொள்ள வேண்டும். ஊருக்குத் திரும்பி வா என்று இதை எழுதவில்லை. உன் வேலையும் வாழ்க்கையும் உன் விருப்பம், நீ எங்கே இருந்தாலும் எங்களுக்குச் சந்தோசம்தான்.

உன்னிடம் ஒரு வேலை மட்டும் கேட்கிறேன். நீ ஒப்பரேசன் தியேட்டரில் வேலை செய்கிறவள், இதய நோயாளி ஒருவர் ஒப்பரேசனுக்குப் போகுமுன் ஊரிலேயே என்னென்ன முடித்துக்கொண்டு போக வேண்டும், எந்த மாத்திரையை டொக்டரிடம் கேட்காமல் நிறுத்தக் கூடாது என்று படிக்காதவருக்கும் விளங்குகிற தமிழில் ஒரு தாளில் எழுதி அனுப்பு. நஸ்லின் மிஸ்ஸி பார்த்துச் சரி சொன்னதும் இரண்டு வேனிலும் ஒட்டுவோம். கடிதத்தில் அனுப்பினால் சுணங்கும், போட்டோ எடுத்து உம்மாவின் போனுக்கு அனுப்பு.

நைட் டியூட்டி முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே, தொழுகையை விடாதே, உம்மாவிடம் முழங்காலைப் பற்றி நீயே கொஞ்சம் அதட்டிக் கதை, நான் சொன்னால் கேட்கமாட்டா. அல்லாஹ் உன் கைகளில் பரக்கத்தைத் தந்து, உன் கைபட்ட நோயாளிகளுக்கெல்லாம் சுகத்தைத் தருவானாக, ஆமீன். வாற செவ்வாய் ஐந்து பேர் போகிறார்கள், அதில் இரண்டு பேர் இதயக்காரர், அதற்கு முன் அந்தத் தாள் வந்துவிட வேண்டும் மகள்.

உன் நலனையே நாடும் வாப்பா,
முகைதீன்பாவா